ஒரு கட்டைக்கு 4 ரூபாய், ஒரு கிளாரினெட்டுக்கு லட்சங்கள்: ஆப்பிரிக்காவின் 'எம்பிங்கோ' மரத்தில் அப்படி என்ன இருக்கிறது?

தான்சானியாவின் தென்கிழக்கில், இந்தியப் பெருங்கடலை ஒட்டி இருக்கிறது கில்வா மாவட்டம். கடற்கரையை விட்டு உள்ளே போனால் புல்வெளியும், இடையிடையே முள்ளும் கோணலுமாக நிற்கும் குட்டை மரங்களும்தான். அதில் ஒரு மரத்தை யாரும் நின்று இரண்டாவது முறை பார்க்க மாட்டார்கள். சாம்பல் நிறப் பட்டை, வளைந்த தண்டு, அடியிலிருந்தே பிரிந்து போகும் கிளைகள். விறகுக்குத்தான் ஆகும் என்று தோன்றும்.

கோடாரியை வைத்தால்தான் விஷயம் தெரியும். வெளிர் மஞ்சளாக மெல்லிய ஓரம். அதற்குள்ளே கிட்டத்தட்ட கறுப்பாக, வைரம் பாய்ந்த கட்டை. உலகின் பெரிய இசைக்குழுக்களில் ஒலிக்கும் கிளாரினெட், ஓபோ, ஸ்காட்லாந்தின் பேக்பைப் ஆகியவை பெரும்பாலும் இந்தக் கட்டையில் கடைந்தவைதான்.

அப்படிக் கடைந்த ஒரு தொழில்முறை கிளாரினெட்டின் விலை இந்திய மதிப்பில் லட்சங்களில் போகும். அந்த மரம் நின்ற கிராமத்துக்கு ஒரு கட்டைக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு தெரியுமா? 2009-ஐ ஒட்டி வெளியான தகவல்களின்படி வெறும் 8 அமெரிக்க சென்ட். அன்றைய மதிப்பில் 4 ரூபாய்கூட இல்லை.

இந்த மரத்தின் பெயர் எம்பிங்கோ. இதற்கு ஏன் இவ்வளவு மவுசு, பட்டறையில் இதை எப்படிக் கையாள்கிறார்கள், அந்த 4 ரூபாய்க் கணக்கு பிறகு எப்படி மாறியது? விரிவாகப் பார்க்கலாம்.

கருங்காலியும் இதுவும் ஒன்றா?

கறுப்பு மரம் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கருங்காலி. கருங்காலி மாலை ரீல்ஸ் பார்க்காத ஆளே இல்லை எனலாம். ஆனால் எம்பிங்கோ வேறு, கருங்காலி வேறு.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் கருங்காலி, தாவரவியலில் டயோஸ்பைரஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. எம்பிங்கோவின் தாவரவியல் பெயர் டால்பெர்ஜியா மெலனாக்சிலான். அவரையும் புளியும் அடங்கும் பருப்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம்ம ஊரில் ஈட்டி, தோதகத்தி என்று சொல்கிறோமே, அந்த ரோஸ்வுட்டும் இதே டால்பெர்ஜியா பேரினம்தான். ஆக, எம்பிங்கோ என்பது கருங்காலி வேஷம் போட்ட ஈட்டி மரம்!

எம்பிங்கோ என்பது சுவாஹிலி மொழிப் பெயர். போர்ச்சுகீஸ் பேசும் மொசாம்பிக்கில் 'பாவ் பிரேட்டோ', அதாவது கறுப்பு மரம். மரவேலை செய்பவர்களுக்கு இது 'ஆப்பிரிக்கன் பிளாக்வுட்'. இசைக்கருவிக் கடைகளில் 'கிரெனடில்லா'. நான்கு பெயரும் ஒரே மரத்துக்குத்தான்.

பெயர்க் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. 'எபனி' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், பழைய எகிப்திய மொழியில் கறுப்பு மரத்தைக் குறித்த ஒரு சொல். எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த 'எபனி' பொருட்களை நிபுணர்கள் ஆராய்ந்தபோது, அவற்றில் பல உண்மையில் டால்பெர்ஜியா மெலனாக்சிலான் என்று தெரியவந்தது. எபனி என்ற பெயருக்கு முதல் சொந்தக்காரரே இந்த மரமாக இருக்கலாம்.

எங்கே வளர்கிறது?

செனகல் தொடங்கி எத்தியோப்பியா வரையிலும், தெற்கே தென்னாப்பிரிக்கா வரையிலும் வறண்ட புல்வெளிக் காடுகளில் எம்பிங்கோ வளர்கிறது. ஆனால் கருவி செய்யும் தரத்தில் கட்டை கிடைப்பது முக்கியமாக இரண்டு நாடுகளில்தான். ஒன்று தான்சானியா, இன்னொன்று மொசாம்பிக். தான்சானியாவில் இதைத் தேசிய மரம் என்றே குறிப்பிடுகிறார்கள்.

இது மழைக்காட்டு மரம் இல்லை. நீண்ட வெயில், குறைந்த மழை, வருடா வருடம் புல்லில் பற்றி எரியும் தீ என்று எல்லாவற்றையும் தாங்கித்தான் வளர வேண்டும். அதனால் வளர்ச்சி ரொம்ப நிதானம். கருவி செய்யும் அளவுக்கு வைரம் பாய 70 முதல் 100 ஆண்டுகள் ஆகும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இன்று ஒருவர் விதை போட்டால், அதை வெட்டுவது பேரன் காலத்தில்தான்.

கஷ்டப்பட்டு மெதுவாக வளர்வதால்தான் கட்டை இவ்வளவு கெட்டியாக இருக்கிறது. அந்தக் கெட்டித்தன்மைக்குத்தான் விலை. ஆனால் மெதுவாக வளரும் மரத்தை வேகமாக வெட்டினால் என்ன ஆகும்? இந்த மரத்தின் மொத்தப் பிரச்னையும் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது.

அப்படி என்ன கெட்டி?

உலர்ந்த எம்பிங்கோ கட்டையின் எடை, ஒரு கன மீட்டருக்கு சுமார் 1,270 கிலோ. தண்ணீர் 1,000 கிலோதான். அதனால் இந்தக் கட்டையைத் தண்ணீரில் போட்டால் கல் மாதிரி மூழ்கிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, தேக்கு ஏறக்குறைய 650 கிலோ.

மரத்தின் கடினத்தன்மையை அளக்க 'ஜாங்கா' என்றொரு சோதனை இருக்கிறது. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு ஒன்றை, அது பாதி புதையும் வரை மரத்தில் அழுத்துவார்கள். அதற்கு எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதுதான் மதிப்பெண். தேக்குக்கு சுமார் 4,740 நியூட்டன் போதும். எம்பிங்கோவுக்கு 16,000 நியூட்டனுக்கு மேல் வேண்டும். அதாவது தேக்கைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு.

கடினமான மரங்கள் வேறும் உண்டு. எம்பிங்கோவைத் தனித்துக் காட்டுவது அதன் மற்ற குணங்கள்:

நுண்துளைகள் மிகச் சிறியவை. மெருகு போட்டால் கண்ணாடி மாதிரி வழவழப்பு வரும். வார்னிஷ்கூடத் தேவையில்லை.

மரத்துக்குள்ளேயே இயற்கையான எண்ணெய்ப் பசை இருக்கிறது. ஈரத்தைச் சட்டென உறிஞ்சாது. கரையானும் சுலபத்தில் அண்டாது.

நன்றாக உலர்ந்த பிறகு உப்புவதும் சுருங்குவதும் குறைவு. கடைந்த அளவு அப்படியே நிற்கும்.

உலோகத்தைப் போல வேலை வாங்கலாம். இந்த மரத்தில் நேரடியாகத் திருகு மரை வெட்ட முடியும். தேக்கில் முயன்றால் மரை உதிர்ந்துவிடும்.

இந்தக் கடைசிக் குணம்தான் எம்பிங்கோவின் தலையெழுத்தையே மாற்றியது.

கிளாரினெட் ஏன் ஆப்பிரிக்காவுக்குப் போனது?

கிளாரினெட் ஐரோப்பியக் கருவி. 1700-ஐ ஒட்டி, ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் என்ற கருவி செய்பவர் இதை உருவாக்கியதாகக் கருதப்படுகிறது. அப்போது அதைக் கடைந்தது பாக்ஸ்வுட் என்ற வெளிர் மஞ்சள் நிற ஐரோப்பிய மரத்தில். ஆரம்பகால கிளாரினெட்டுகளில் இரண்டு மூன்று உலோகச் சாவிகள்தான். மற்ற துளைகளை விரலாலேயே மூடினார்கள். அதற்கு பாக்ஸ்வுட் தாராளமாகப் போதும்.

19-ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. எல்லா ஸ்வரங்களும் சுத்தமாக விழ வேண்டும் என்று சாவிகள் பெருகின. 1812-ல் ஐவான் முல்லர் 13 சாவிகள் கொண்ட கிளாரினெட்டைப் பாரிஸில் அறிமுகப்படுத்தினார். பிறகு ஹயசிந்த் குளோசேயும் கருவி செய்பவரான லூயி ஓகுஸ்ட் பஃபேவும் சேர்ந்து உருவாக்கிய வடிவம் 1839-ல் பாரிஸில் காட்சிக்கு வந்தது. இன்று உலகம் முழுக்க அதிகம் வாசிக்கப்படுவது அந்த வடிவம்தான். அதில் 17 சாவிகள், துளைகளைச் சுற்றி வளையங்கள்.

இத்தனை சாவிகளையும் தாங்குவது மர உடலில் திருகிய சின்னச் சின்ன உலோகத் தூண்கள். மரம் ஒரு முடியளவு சுருங்கினாலும் தூண் ஆடும், சாவி மூடாது, காற்று கசியும். பாக்ஸ்வுட் ஈரத்துக்கு வளையக்கூடியது. வாசிக்கும்போது உள்ளே போவதோ ஈர மூச்சு. ஆகவே, திருகைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், ஈரத்துக்கு அசையாத ஒரு மரம் தேவைப்பட்டது. கப்பல் வணிகத்தில் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த எம்பிங்கோ அதற்கு அளவெடுத்துச் செய்தது மாதிரிப் பொருந்தியது. ஓபோ, பிக்கலோ, பேக்பைப் என்று ஒவ்வொன்றாக இந்த மரத்துக்கு மாறின.

இன்னொரு பொருத்தமும் உண்டு. கிளாரினெட் ஒரே குழல் இல்லை, பல துண்டுகள் சேர்ந்தது. வாய் வைக்கும் பகுதி பொதுவாகக் கெட்டி ரப்பரில் செய்தது. அதற்குக் கீழே சிறு உருளை, மேல் உடல், கீழ் உடல், மணி வடிவ முனை என நான்கு மரத்துண்டுகள். எதுவுமே நீளமில்லை. கோணலாக வளரும் எம்பிங்கோவில் நேரான நீளக் கட்டை கிடைப்பது அபூர்வம். சிறு துண்டுகள் போதும் என்பதால்தான் இந்த ஜோடி சேர்ந்தது.

'இனிமை மரத்தில் இருக்கிறது' என்பது உண்மையா?

எம்பிங்கோவில் செய்தால்தான் அந்த 'கறுப்பு, கனத்த' நாதம் வரும் என்று பல இசைக்கலைஞர்கள் உறுதியாகச் சொல்வார்கள். இயற்பியல் இதில் கொஞ்சம் மாறுபடுகிறது.

வயலினிலும் கிடாரிலும் மரப்பலகையே அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. அங்கே மரத்தை மாற்றினால் நாதம் மாறும். கிளாரினெட்டில் அதிர்வது குழலுக்குள் இருக்கும் காற்றுதான். அமெரிக்க இயற்பியலாளர் ஜான் பேக்கஸ் 1964-ல் வெளியிட்ட ஆய்வில், குழல் சுவரின் அதிர்வு நாம் கேட்கும் ஒலியில் கணக்கில் எடுக்கும்படியான மாற்றம் எதையும் ஏற்படுத்துவதில்லை என்று காட்டினார். உள் துளையின் அளவு, துளை விளிம்புகளின் கூர்மை, உட்புறத்தின் வழவழப்பு ஆகியவைதான் ஒலியைத் தீர்மானிக்கின்றன.

அப்படியென்றால் எம்பிங்கோ வெறும் கெத்துக்காகவா? அதுவும் இல்லை. உள் துளையை நுணுக்கமான அளவில் கடைந்து, கண்ணாடி போல மெருகேற்றி, பல வருடம் அந்த அளவு மாறாமல் வைத்திருக்க இந்த மரத்தால் முடிகிறது. இனிமை மரத்தின் 'குரலில்' இல்லை, அதன் ஒழுக்கத்தில் இருக்கிறது என்று சொல்லலாம்.

காட்டிலிருந்து கருவி வரை

வெட்டிய மரம் அப்படியே கருவியாகிவிடாது. வழியில் நிறையக் கழிகிறது.

முதலில், நிற்கும் மரங்களிலேயே பல உள்ளே பொந்து விழுந்தவை. தீயும் பூஞ்சையும் செய்த வேலை. நல்ல கட்டையைத் தேர்ந்தெடுத்து மரவாடிக்குக் கொண்டுவந்தால், வெடிப்பு, முடிச்சு, வெளிர் ஓரம், ரேகைக் கோணல் என எல்லாவற்றையும் ரம்பம் கழித்துத் தள்ளும். கருவிக்குத் தேறும் துண்டுகள் வெட்டிய கட்டையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது என்பதே வழக்கம்.

தேறிய துண்டுகளின் இரண்டு முனைகளிலும் மெழுகு தடவுவார்கள். முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறினால் மரம் பிளந்துவிடும். மெழுகு அதைத் தடுத்து, நிதானமாக உலர வைக்கும். இது மாதக்கணக்கில், சில பட்டறைகளில் வருடக்கணக்கில் போகும் வேலை. அதன் பிறகுதான் லேத்தில் ஏற்றி, நடுவில் துளையிட்டு, மறுபடி உலரவிட்டு, இறுதி அளவுக்குக் கடைவார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மரம் மரம்தான். புது கிளாரினெட் வாங்கியவர்களிடம் முதல் சில வாரங்களுக்குத் தினமும் கொஞ்ச நேரம் மட்டும் வாசிக்கச் சொல்வார்கள். குளிரான கருவியில் எடுத்தவுடன் சூடான மூச்சை ஊதினால், உள்பக்கம் விரிந்து வெளிப்பக்கம் வெடித்துவிடும் அபாயம் உண்டு.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

பேனா, செஸ் காய், கத்திப்பிடி போன்ற சின்னப் பொருட்களை லேத்தில் கடையும் பொழுதுபோக்கு மரவேலைக்காரர்களுக்கும் எம்பிங்கோ என்றால் உயிர். ஆனால் இது லேசான மரம் இல்லை.

உளி சீக்கிரம் மழுங்கும். அடிக்கடி தீட்ட வேண்டும். கார்பைடு முனை நல்லது.

ஆணி அடிக்கவோ, துளையிடாமல் திருகவோ முடியாது. மரம் பிளக்கும், இல்லாவிட்டால் ஆணி வளையும்.

எண்ணெய்ப் பசை இருப்பதால் பசை சரியாக ஒட்டாது. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்துவிட்டு ஒட்டுவது வழக்கம்.

மெருகேற்றும்போது சூடு ஏறவிடக் கூடாது. நுண்ணிய வெடிப்புகள் வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தூசி. டால்பெர்ஜியா மரங்களின் தூளில் உள்ள சில வேதிப்பொருட்கள் தோலில் அரிப்பு, தடிப்பு, மூச்சு ஒவ்வாமை ஆகியவற்றை உண்டாக்கும். முதல் நாள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, பழகப் பழக ஒவ்வாமையைக் கிளப்பும் ரகம் இது. முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் இல்லாமல் வேலை செய்யக் கூடாது.

ஒரே கட்டையில் ஓர் ஊர்

எம்பிங்கோ என்றால் கிளாரினெட் என்பது ஐரோப்பாவின் பார்வை. கிழக்கு ஆப்பிரிக்காவில் கேட்டால் முதலில் வரும் பெயர் மக்கொண்டே. தான்சானியாவின் தென்கிழக்கிலும் மொசாம்பிக்கின் வடக்கிலும் வாழும் மக்கள் இவர்கள். மரச்சிற்பத்தில் உலகப் புகழ் பெற்றவர்கள்.

இவர்களின் 'உஜாமா' வகைச் சிற்பங்கள் தனி ரகம். ஒரே கட்டையில் பத்து, இருபது மனித உருவங்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, பின்னிப் பிணைந்து ஒரு கோபுரம் போல நிற்கும். எங்கும் ஒட்டு கிடையாது. உஜாமா என்றால் சுவாஹிலியில் குடும்ப உறவு. சுதந்திரத்துக்குப் பிறகு தான்சானிய அதிபர் ஜூலியஸ் நைரேரே தன் சோஷலிசக் கொள்கைக்கு வைத்த பெயரும் அதுவே. 'ஷெட்டானி' என்ற இன்னொரு வகையில் ஆவிகளும் பேய்களும் வளைந்து நெளிந்து உருவெடுக்கும்.

தார் எஸ் சலாம் நகரின் எம்வெங்கே சந்தைக்குப் போனால், சிற்பிகள் தரையில் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே கட்டையை வைத்துச் செதுக்குவதைப் பார்க்கலாம். கருவி செய்பவர்கள் கழிக்கும் கோணல் கட்டை, சிற்பிக்குப் பெரும்பாலும் வசதியானது. கோணலிலிருந்தே அவர் உருவத்தைக் கண்டுபிடிக்கிறார்.

8 சென்ட், 19 டாலர்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். இவ்வளவு மதிப்புள்ள மரம் காட்டில் நிற்கிறது. அந்தக் காட்டை ஒட்டி வாழும் கிராமத்துக்கு ஏன் 4 ரூபாய்?

பல காலமாக நடைமுறை இப்படித்தான் இருந்தது. வியாபாரி அரசாங்கத்திடம் அனுமதிச் சீட்டு வாங்குவார், பணம் கட்டுவார், கிராமத்துக்கு வந்து வெட்டிக்கொண்டு போவார். கிராமத்துக்குப் பேருக்கு ஏதோ ஒரு தொகை. சீட்டே வாங்காமல் வெட்டியவர்களும் உண்டு. இந்த நிலையில் கிராமத்து விவசாயிக்கு அந்த மரத்தைக் காப்பாற்ற என்ன காரணம் இருக்கும்? விறகுக்கு வெட்டலாம், கரி போடலாம், காட்டை அழித்து எள் விதைக்கலாம். அதில் வருமானம் கூடுதல்.

2002-ல் தான்சானியா கொண்டுவந்த வனச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. ஒரு கிராமம் தன் எல்லைக்குள் இருக்கும் காட்டை 'கிராம வனக் காப்பகம்' என்று அறிவித்து, முறையான திட்டம் போட்டு நிர்வகித்தால், மரம் விற்கும் பணத்தைக் கிராமமே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் சட்டம் இருந்தால் போதுமா? எத்தனை மரம் இருக்கிறது, வருடத்துக்கு எத்தனை வெட்டலாம் என்று கணக்கெடுக்க வேண்டும், வரைபடம் போட வேண்டும், காவல் பார்க்க வேண்டும், வாங்க ஆளும் வேண்டும். இந்த வேலையில் கிராமங்களோடு நின்றது 'எம்பிங்கோ பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு முனைப்பு' என்ற தான்சானியத் தொண்டு நிறுவனம். 1990களின் நடுவில் மாணவர் ஆய்வுப் பயணமாகத் தொடங்கி வளர்ந்த அமைப்பு இது.

2009-ல் அதன் பலன் தெரிந்தது. கில்வாவின் கிகோலே, கிசாங்கி ஆகிய கிராமங்களின் காடுகளுக்கு, பொறுப்பான வன நிர்வாகத்துக்கான எஃப்.எஸ்.சி. சான்றிதழ் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் சமூகமே நிர்வகிக்கும் இயற்கைக் காடு ஒன்றுக்கு இந்தச் சான்றிதழ் கிடைத்தது அதுவே முதல்முறை என்று அப்போது பதிவானது. 8 சென்ட் கிடைத்த ஒரு கட்டைக்கு 19 டாலர் வரை கிடைக்கும் என்று அப்போது கணக்கிடப்பட்டது. அன்றைய மதிப்பில் சுமார் 900 ரூபாய். இருநூறு மடங்குக்கும் மேல்.

மரம் விற்ற பணம் கிணறாகவும் வகுப்பறையாகவும் கிராமங்களுக்குத் திரும்பி வரத் தொடங்கியது. கிராம வனக் குழுக்களே ரோந்து போகின்றன. வறண்ட காலத்தின் கடைசியில் பற்றும் பெரிய தீ இளம் மரங்களைக் கொன்றுவிடும் என்பதால், பருவத் தொடக்கத்திலேயே புல்லைக் கட்டுப்பாடாக எரித்துவிடும் முறையும் வந்தது. மரத்துக்குச் சரியான விலை கிடைத்ததும் காவலும் தானாக வந்துவிட்டது.

எல்லாம் சுபம் என்று முடித்துவிட முடியாது. சான்றிதழுக்குச் செலவு அதிகம். அதை மதித்துக் கூடுதல் விலை கொடுக்கும் வாடிக்கையாளர் எப்போதும் கிடைப்பதில்லை. எம்பிங்கோவை மட்டும் நம்பினால் வருமானம் போதாது என்பதால் கிராமங்கள் மற்ற மரங்களையும் விற்கின்றன.

நடுகிறவர்களும் இருக்கிறார்கள்

கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் செபாஸ்டியன் சுவா என்ற தாவரவியலாளர் இதே மரத்துக்காக வேறு வழியில் உழைத்தார். பள்ளி மாணவர்களைச் சேர்த்து நாற்றங்கால் போட்டு, எம்பிங்கோ கன்றுகளை நட்டு வந்தார். 1992-ல் வெளிவந்த 'தி ட்ரீ ஆஃப் மியூசிக்' ஆவணப்படம் அவரை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. அதைப் பார்த்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹாரிஸ். அமெரிக்காவின் டெக்சாஸில் எம்பிங்கோவைக் கடையும் மரவேலைக் கலைஞர். தன் லேத்தில் சுழலும் மரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அவரைச் சுவாவிடம் கொண்டு சேர்த்தது. 1996-ல் இருவரும் சேர்ந்து ஆப்பிரிக்கன் பிளாக்வுட் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். சுவா 2014-ல் மறைந்தார். அவர் நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை கருவிக்குத் தயாராக இன்னும் அரை நூற்றாண்டாவது ஆகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் எம்பிங்கோ 'அச்சுறு நிலையை நெருங்கும்' இனம். 2017 ஜனவரி 2 முதல் டால்பெர்ஜியா பேரினம் முழுவதும், ஆபத்தான உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் கீழ் வந்தது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்ப அனுமதிச் சீட்டு கட்டாயம்.

நோக்கம், பெருமளவில் கடத்தப்பட்ட ரோஸ்வுட் பர்னிச்சர் மரங்களைத் தடுப்பது. ஆனால் வலையில் கிளாரினெட்டும் சிக்கியது. கருவிகளை ஏற்றுமதி செய்பவர்களும் பழுதுபார்க்க அனுப்புபவர்களும் காகிதங்களோடு அலைந்தார்கள். 2019-ல் ஜெனீவாவில் நடந்த சைட்ஸ் மாநாட்டில் விதி திருத்தப்பட்டு, முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் உதிரி பாகங்களுக்கும் விலக்கு கிடைத்தது. கட்டைக்கும் அறுத்த மரத்துக்கும் கட்டுப்பாடு தொடர்கிறது.

மாற்று இல்லையா?

இருக்கிறது. மாணவர்கள் வாசிக்கும் விலை குறைந்த கிளாரினெட்டுகளில் பல பிளாஸ்டிக்தான். பிரான்ஸின் பஃபே கிராம்போன் நிறுவனம் 1990களிலேயே 'கிரீன்லைன்' என்ற வகையைக் கொண்டுவந்தது. கடையும்போது உதிரும் மரத்தூளோடு கார்பன் இழையும் பிசினும் சேர்த்து அழுத்திச் செய்த உடல் அது. வெடிக்காது, வெயிலுக்கும் குளிருக்கும் அஞ்சாது. ஜப்பானின் யமஹா நிறுவனம் தான்சானியக் கிராமங்களோடு சேர்ந்து எம்பிங்கோ நடவிலும், வீணாகும் கட்டையைப் பயன்படுத்தும் ஆய்விலும் இறங்கியிருக்கிறது.

இந்தக் கதை தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. ஏ.கே.சி. நடராஜன் போன்றவர்கள் கர்நாடக இசை மேடையில் நிலைநிறுத்திய கிளாரினெட் மட்டுமல்ல, நம் நாதஸ்வரமும் ஒரு குறிப்பிட்ட மரத்தை நம்பித்தான் இருக்கிறது. 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. அதுவும் பல பத்தாண்டுகள் உலர்ந்த மரம் வேண்டும் என்பதால், பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரத்தையும் தூணையும் தேடிப் போகிறார்கள் கலைஞர்கள். பழைய வீடுகள் தீர்ந்துபோனால்? அங்கேயும் அதே கேள்விதான்.

எம்பிங்கோ அழிந்துவிடும் என்று பயமுறுத்துவதற்கு இன்னும் நேரம் வரவில்லை. தெற்குத் தான்சானியாவின் காடுகளில் அது நிற்கிறது. அது தொடர்ந்து நிற்குமா என்பது, வாசிப்பவர் எவ்வளவு ரசிக்கிறார் என்பதைவிட, கில்வாவில் காவல் காக்கும் கிராமத்துக்கு அந்த ரசனையில் எவ்வளவு பங்கு போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்தது. நூறு வருடம் வளரும் மரத்துக்கு, நூறு வருடம் காவல் வேண்டும். அதை 4 ரூபாய்க்கு யாரும் செய்ய மாட்டார்கள்.